தடைக்காலத்தில் நிற்கும் மீன் வண்டிகள், ட்ரெய்லர்கள்: டயர் பிரஷர் சென்சார்களைக் கழற்றிப் பாதுகாக்க முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று விசைப்படகு நிற்கும் ஊர்களில் படகோடு சேர்ந்து மீன் வண்டிகளும் பெரும்பாலும் நின்றுவிடும். வாலிநோக்கம், மாரியூர் உப்பளப் பக்கம் கணக்கு வேறு. அங்கே டிராக்டர் ட்ரெய்லர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் ஓய்வு. இப்படி மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் டயர் பிரஷர் சென்சார் (டயர் காற்றழுத்தத்தை அளந்து கேபினில் இருக்கும் சின்னத் திரைக்கு சிக்னலில் சொல்லும் கருவி) மாட்டியிருந்தால், அதைக் கழற்றி முறையாக வைத்துவிட்டுத்தான் வண்டியை மூட வேண்டும்.

சென்சாரோடு வரும் கையேடு பெரும்பாலும் பனி பெய்யும் நாட்டை மனதில் வைத்து எழுதியது. குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், வீட்டுக்குள் எடுத்து வையுங்கள் என்று சொல்லும். நம் கரையில் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. உப்புதான் சென்சாரைக் கொல்கிறது. உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே சுத்தமான உப்பு கரைய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே நீர் கோர்க்கும். மேலே துடைத்துவிட்டு டப்பாவில் போட்ட சென்சாரின் மரையில் ஒரு துளி உப்பு மிஞ்சியிருந்தாலும், இரவுக்கு இரவு அது நனைந்து காய்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே இங்கே முதல் வேலை உப்பை எடுப்பது, இரண்டாவது வேலை ஈரத்தை எடுப்பது. சூடும் பேட்டரியும் அதற்குப் பிறகு.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

வால்வு மூடி இருக்கும் இடத்தில் திருகி மாட்டுவது மூடி வகை. பின்னால் வாங்கி மாட்டும் செட்டுகளில் பெரும்பாலும் இதுதான் வரும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றியது. டயருக்குள்ளே, வால்வு தண்டின் அடியில் டிஸ்க்கோடு ஒட்டி இருப்பது உள் வகை. உள் வகையை ஓய்வுக்காகக் கழற்றவே கூடாது. டயரைப் பிரித்து மாட்டுவதில் சென்சார் உடையும் வாய்ப்பு, அது உள்ளேயே இருப்பதால் வரும் கேட்டைவிட அதிகம். வண்டி நின்றால் அது தானாகத் தூங்கிவிடும். அதன் பேட்டரி அடைத்து ஒட்டியது, மாற்றும் வேலையும் கிடையாது. கழுவி, காற்றைச் சரியாக வைத்து, மூடியைப் போட்டால் போதும்.

அந்த மூடியில் ஒரு கவனம் வேண்டும். உள் வகை சென்சார்களின் தண்டு பல நேரம் அலுமினியம். அலுமினியத் தண்டில் பித்தளை மூடி போட்டால், இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு நீர் புகுந்து மூடி தண்டோடு ஒட்டிக்கொள்ளும். பலம் கொடுத்துத் திருகினால் தண்டே முறியும். அலுமினியத் தண்டுக்கு உள்ளே ரப்பர் வைத்த பிளாஸ்டிக் மூடிதான் போட வேண்டும். அந்தத் தண்டுக்குள் இருந்து காற்றை அடைக்கும் வால்வு பின்னும் நிக்கல் பூசியதாக இருக்கட்டும். பங்சர் கடையில் கைக்குக் கிடைத்த பித்தளைப் பின்னைப் போட விடாதீர்கள். பித்தளைத் தண்டுக்குப் பிளாஸ்டிக் மூடியோ பித்தளை மூடியோ சரி.

மூடி வகையை ஏன் கழற்றியே ஆக வேண்டும்

மூடி வகை சென்சார் வேலை செய்வதே வால்வு பின்னை எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான். பின் அழுத்தப்பட்டிருக்கும்போது வால்வு திறந்திருக்கிறது. அப்போது டயர் காற்றை அடைத்து வைத்திருப்பது சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் ஒன்றுதான். ஓடும் வண்டியில் அது இளகினால் திரை உடனே சத்தம் போடும். மூடிக் கிடக்கும் வண்டியில் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் டயர் தரையில் மடிந்து, பக்கச் சுவர் வெடித்துக் கிடக்கும். இன்னொன்று, சென்சார் காற்றழுத்தத்தை உணரும் வரை விழித்து சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். கழற்றினால் தூங்கிவிடும்.

வேண்டிய சாமான்கள்

பழைய மிருதுவான பல் துலக்கும் பிரஷ் இரண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர், இது பல பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி. சிலிக்கான் கிரீஸ் சின்ன ட்யூப் ஒன்று. ரப்பர் வளையங்கள், சென்சாருக்கு ஒன்று வீதம் உபரியாக. வால்வு மூடிகள், சக்கரத்துக்கு ஒன்று. தனி ஏர் கேஜ். மல்ட்டிமீட்டர். அழியாத மார்க்கர். ஜிப் கவர்கள். மூடியில் ரப்பர் பட்டையும் நாலு பக்கமும் கொக்கியும் உள்ள 2 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து, ஈரம் ஏறினால் நிறம் மாறும் வகையாக. நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால், ஆரஞ்சு பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள்.

படி 1: கழற்றுவதற்கு முன்னால் எழுதி வையுங்கள்

காலை விடியும் நேரத்தில், வண்டி ஓடாமல் இரவு முழுவதும் நின்ற பிறகு, திரையில் ஒவ்வொரு சக்கரமும் காட்டும் அளவை எழுதுங்கள். படி 3-இல் சென்சாரைக் கழற்றியதும் தனி கேஜ் வைத்து அளந்து பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் 2 பவுண்டுக்குள் (பி.எஸ்.ஐ.) வித்தியாசம் இருந்தால் சென்சார் நலம். 4, 5 பவுண்டு என்றால் அந்தச் சென்சாரைக் குறித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அது அதே வித்தியாசத்தைக் காட்டுகிறதா, கூடிவிட்டதா என்று பார்க்க இந்தக் கணக்கு வேண்டும்.

ஒவ்வொரு சென்சாரும் தன் எண்ணைச் சொல்லித்தான் சிக்னல் அனுப்பும். எந்த எண் எந்தச் சக்கரம் என்று திரைதான் நினைவில் வைத்திருக்கிறது. இடம் மாற்றி மாட்டினால் வலது பின் சக்கரத்தில் காற்று இறங்கும்போது இடது முன் சக்கரம் என்று காட்டும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் எழுதுங்கள்: மு-வ, மு-இ, பி-வ-வெளி, பி-வ-உள், பி-இ-வெளி, பி-இ-உள். ஜிப் கவரிலும் அதையே எழுதுங்கள், மேலே எழுதியது ஆல்கஹால் பட்டு அழிந்துவிடும். திரையின் எச்சரிக்கை அளவுகளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: கழுவுதல், நல்ல தண்ணியில் மட்டும்

மீன் வண்டியின் பின் சக்கரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெட்டியின் வடிகால் ஓட்டையிலிருந்து ஐஸ் உருகி மீன் தண்ணி சொட்டும் பக்கத்தில், டிஸ்க்கின் ஓரம் மட்டும் கோடு போட்டதுபோல் துருப்பிடித்திருக்கும். அந்தப் பக்கத்துச் சென்சாரின் கழுத்தில் வெள்ளையாகப் பூத்து, தண்டின் மரையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கடல் காற்று கொண்டுவரும் உப்பைவிட இந்தச் சொட்டுத் தண்ணியின் உப்பு பல மடங்கு. எந்தச் சென்சார் முதலில் கெடும் என்பதை வடிகால் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஓய்வு நாளில் அந்த ஓட்டைக்கு ஒரு ஹோஸ் மாட்டி, சக்கரத்தைத் தாண்டி விழும்படி செய்துவிட்டால் அடுத்த வருடம் இந்த வேலை பாதியாகும்.

கழுவும் தண்ணியில்தான் நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கரையோர ஊர்களில் போர் தண்ணி உப்பு. அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் பழைய உப்பு போய்ப் புது உப்பு வந்து உட்காரும். சக்கரத்தின் பொதுக் கழுவலுக்குப் போர் தண்ணி ஆகட்டும். கடைசியில் வால்வைச் சுற்றி ஊற்றும் தண்ணி காவிரிக் குழாய்த் தண்ணியாகவோ பிடித்து வைத்த மழைத் தண்ணியாகவோ இருக்க வேண்டும். சக்கரத்துக்கு அரை வாளி போதும்.

பிரஷர் பம்ப்பை வால்வுக்கு நேரே பிடிக்காதீர்கள். அந்த வேகம் ரப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணீரைப் பேட்டரி அறைக்குள் ஏற்றிவிடும். கையால் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊற்றுங்கள். வண்டி ஓடி வந்த சூட்டோடு கழுவவும் வேண்டாம். சூடான சென்சார் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி ஈரத்தை இழுக்கும்.

படி 3: கழற்றுதல்

பல செட்டுகளில் சென்சாருக்குக் கீழே திருட்டுக்குக் காவலாக ஒரு லாக் நட் இருக்கும். முதலில் அதைச் செட்டோடு வந்த சின்ன ஸ்பேனரால் கீழ்நோக்கித் தளர்த்துங்கள். பிறகு ஒரு கையால் வால்வு தண்டை அடியில் பிடித்துக்கொண்டு மறு கையால் சென்சாரை இடப்பக்கம் திருகுங்கள். தண்டைப் பிடிப்பது முக்கியம். ரப்பர் தண்டாக இருந்தால் சென்சாரோடு சேர்ந்து தண்டும் திரும்பி, டிஸ்க்கில் உட்காரும் இடத்தில் கிழியும். தண்டு திரும்புவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டயர் கடைக்குக் கொண்டுபோய், காற்றை இறக்கிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.

இறுகிப் போயிருந்தால் கட்டிங் பிளேயர் எடுக்காதீர்கள். சென்சாரின் மேல் கூடு இரண்டு துண்டை ஒட்டியது. பிளேயரின் அழுத்தத்தில் ஒட்டு விடும், விட்டது கண்ணுக்குத் தெரியாது, அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இருக்கும். அதற்குப் பதில் கை பொறுக்கும் சூட்டில் நல்ல தண்ணியில் துணியை நனைத்துக் கழுத்தில் சுற்றி 15 நிமிடம் விடுங்கள். உப்புக் கட்டி கரையும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தாலே பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையால் மரையில் மட்டும் விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். ஸ்பிரேயாக அடிக்காதீர்கள். பல எண்ணெய்கள் ரப்பரை ஊத வைக்கும்.

வந்தவுடன் வால்வு பின் மேலே எழும்பிக் காற்றை அடைத்துக்கொள்ளும். உஸ் என்று சத்தம் தொடர்ந்தால் பின்னில் உப்புத் துகள் சிக்கியிருக்கிறது. ஒரு விநாடி பின்னை அழுத்திக் காற்றால் ஊதவிடுங்கள். பிறகும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கும்போது குமிழி வந்தால் பின்னை மாற்றுங்கள். மூடியை உடனே போடுங்கள். மூடியில்லாத வால்வுக்குள் கச்சான் (தென்மேற்குக் காற்று) மணலைக் கொண்டுபோய் அடைக்கும். தனுஷ்கோடி, பாம்பன் பக்கம் நிற்கும் வண்டிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: சென்சாரைத் துப்புரவாக்குதல்

சென்சாரை மரை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பிரஷ்ஷால் மரையையும் கழுத்தையும் தேய்க்க வேண்டும். கீழே பார்க்கப் பிடித்தால் அழுக்குத் தண்ணி நடு ஓட்டைக்குள் இறங்காது. அந்த ஓட்டைதான் காற்றழுத்தத்தை உணரும் வாசல். ஊசி, குச்சி, கம்பி எதையும் அதில் விடாதீர்கள். உள்ளே இருக்கும் உணர்வுத் தகடு ஒரு குத்துக்குத் தாங்காது. ஏர் கம்ப்ரஸரால் நேரே ஊதுவதும் வேண்டாம்.

வெள்ளைப் பூப்பு என்றால் அலுமினியம் கரைந்திருக்கிறது. பச்சைக் களிம்பு என்றால் பித்தளை. பிரஷ்ஷில் போகாத களிம்பை மரப்பல்குச்சியால் மரையின் வழியே சுரண்டி எடுக்கலாம். எஃகு பிரஷ், உப்புத்தாள் இரண்டும் மேல் பூச்சை எடுத்துவிடும், அடுத்த பருவத்தில் இரட்டிப்பாகப் பூக்கும். மரை பாதி தேய்ந்துபோயிருந்தால் அந்தச் சென்சாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஓடும்போது கழன்று விழும் சென்சார் டயர் காற்றையும் கூடவே கொண்டுபோகாது என்றாலும், காற்று இறங்கினால் சொல்ல ஆள் இருக்காது.

பிறகு ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. ஆல்கஹால் மிச்ச ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறு மணி நேரமாவது காயட்டும். வெயிலில் வைக்காதீர்கள். கடற்கரை பார்த்த ஜன்னலில் வைத்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

படி 5: பேட்டரியை எடுக்கலாமா, விடலாமா

எல்லாரும் எடுக்கத்தான் சொல்வார்கள். எங்கள் தீர்ப்பு கொஞ்சம் வேறு. லித்தியம் பட்டன் பேட்டரி சும்மா கிடந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் குறையும். 61 நாளில் குறைவது ஒன்றுமே இல்லை. ஆனால் சென்சாரின் பேட்டரி மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையம் தேய்கிறது, ஈரக் காற்று உள்ளே போகிறது. ஆகவே ஒரு வருடத்துக்குள் மாற்றிய பேட்டரி, திரையில் குறைவு அடையாளம் வராத சென்சார் என்றால் திறக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டதா, அல்லது மூன்று மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறதா, அப்போது எடுத்துவிடுங்கள். உள்ளே ஈரம் கண்டால் யோசிக்கவே வேண்டாம். மின்னழுத்தமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் தொடு தகடு சில நாளிலேயே கறுத்துப் போகும்.

திறக்கும்போது பேட்டரியின் விளிம்பைப் பிடியுங்கள், விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. உலோக இடுக்கியால் மேலும் கீழும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகும். புதுப் பேட்டரி 3.0 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஆனால் இந்த வகைப் பேட்டரி சாகும் தருவாய் வரை 3 வோல்ட்டை ஒட்டியே காட்டும், வெறும் மீட்டர் அளவை நம்பக் கூடாது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை (மின்தடை) ஐந்து விநாடி இணைத்துக்கொண்டே அளந்து, 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சி.ஆர். 1632 என்றால் 16 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். சி.ஆர். 2032 என்றால் 20 மி.மீ., அதே தடிமன். தடிமன் மாறினால் மூடி இறுகாது, இறுகாத மூடி தண்ணீரைத் தடுக்காது. பழைய பேட்டரியில் பி.ஆர். என்று தொடங்கினால் சி.ஆர். போடாதீர்கள். பி.ஆர். வகை சக்கரச் சூட்டைக் கூடுதலாகத் தாங்குவது. கசப்பு மருந்து பூசிய பட்டன் பேட்டரிகள் குழந்தைகள் விழுங்காமல் தடுக்க வந்தவை, ஆனால் சில சென்சார்களில் அந்தப் பூச்சே தொடர்பைத் தடுக்கும். போட்டும் உயிர் வராவிட்டால் அதையும் சந்தேகப்படுங்கள்.

கழற்றிய பேட்டரிகளின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தைக்கு இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

படி 6: டப்பாவில் அடைத்தல்

ரப்பர் வளையத்தை எடுத்து விரலில் நீட்டிப் பாருங்கள். மேலே சின்ன வெடிப்பு தெரிந்தால், தட்டையாக அமுங்கியிருந்தால் மாற்றுங்கள். நல்லதாக இருந்தால் கழுவித் துடைத்து, மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வேசலின், சேசிஸ் கிரீஸ், இன்ஜின் ஆயில் வேண்டாம், சில வகை ரப்பர் ஊதிவிடும்.

ஒவ்வொரு சென்சாரும் தனி ஜிப் கவரில், கவரின் வாய் பாதி திறந்தபடி. முழுக்க மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் சிலிக்கா ஜெல்லுக்குப் போய்ச் சேராது. எல்லாக் கவர்களையும் டப்பாவில் வைத்து, நாலு பொட்டலம் ஜெல் போட்டு இறுக்கி மூடுங்கள். இந்த வேலையை மதியம் வெயில் ஏறிய நேரத்தில் செய்வது நல்லது. விடிகாலையிலும் அந்தியிலும் காற்றில் ஈரம் அதிகம், அந்தக் காற்றைத்தான் டப்பாவுக்குள் அடைப்பீர்கள். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுவது பலரிடம் இருக்கும் பழக்கம். அரிசி இழுக்கும் ஈரம் கொஞ்சம், விடும் மாவுத் தூசி அதிகம்.

வண்டி கேபினில் டப்பாவை வைக்கவே கூடாது. தடைக்காலத்தின் நடுவில்தான் அக்னி நட்சத்திரம் வருகிறது. மூடிய கேபினின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். தகரக் கொட்டகை, வலைக் கொட்டகை, பேட்டரி சார்ஜ் போடும் இடம் ஆகியவையும் ஆகாது. ஃபிரிட்ஜிலும் வேண்டாம். வெளியே எடுத்த நிமிடம் நம் ஊர்க் காற்று அதன்மேல் பனியாகக் கோர்க்கும். வீட்டின் உள் சுவரை ஒட்டிய பீரோவின் கீழ்த் தட்டுதான் சரியான இடம்.

படி 7: திரையும் ரிப்பீட்டரும்

திரைக்குள் இருப்பது சார்ஜ் ஏறும் லித்தியம் அயன் பேட்டரி. அதைப் பாதி சார்ஜில் எடுத்து வைக்க வேண்டும். முழு சார்ஜில் சூட்டில் கிடந்தால் ஊதும், அடியோடு இறங்கிக் கிடந்தால் மறுபடி ஏறாது. கண்ணாடியில் ஒட்டும் சோலார் திரையை விட்டுவிட்டுப் போவது பெரிய தவறு. அது நாள் முழுக்க வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டே வெந்துபோகும். ட்ரெய்லரில் சிக்னலைக் கடத்த ரிப்பீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றி, முனையைத் துடைத்து, டேப் சுற்றி விடுங்கள்.

படி 8: வண்டியை நிறுத்தும் விதம்

சென்சார் இல்லாத டயருக்கு இனி காவல் நீங்கள்தான். ஓரச் சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், முழு லோடுக்கான காற்றை விடியற்காலையில் பிடியுங்கள். முடிந்தால் ஆக்சிலுக்கு ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியைக் கால் சுற்று நகர்த்துங்கள். வெயில் அடிக்கும் பக்கச் சக்கரத்தைச் சாக்கோ பனையோலைப் பாயோ வைத்து மறையுங்கள். டயர் தானாகவே மாதம் ஒன்றிரண்டு பவுண்டு இறங்கும், அதற்கு மேல் இறங்கினால் வால்வைப் பாருங்கள்.

காற்றின் திசையும் கணக்கில் வரும். தடைக்காலத்தில் கச்சான் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசும். மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களான கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்தில் உப்புச் சாரல் அதிகம். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று, அப்போது தொண்டி, தேவிபட்டினம் என்று பாக் விரிகுடாப் பக்கம் வாங்கிக்கொள்ளும். எந்தப் பருவத்தில் நிறுத்துகிறீர்களோ, காற்று வரும் பக்கம் சுவர் இருக்கும்படி நிறுத்துங்கள்.

உப்பள ட்ரெய்லர்களுக்கு இரண்டு மாற்றம். மழைக்கால ஓய்வு நீளம், ஈரம் அதிகம், அதனால் பேட்டரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை டப்பாவைப் பார்த்து, ஜெல் பச்சையாகியிருந்தால் மாற்றுங்கள். ஆரஞ்சு ஜெல்லை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், 120-ஐத் தாண்ட விடாதீர்கள். உணவு சமைக்கும் பாத்திரத்தில் செய்ய வேண்டாம்.

படி 9: ஜூன் இரண்டாவது வாரம், திரும்ப மாட்டுதல்

முதல் ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பியுங்கள். கோளாறு தெரிந்தால் சாமான் வாங்க நேரம் வேண்டும்.

முதலில் டயர். விடியற்காலையில் தனி கேஜ் வைத்துக் காற்றைச் சரிசெய்யுங்கள். மதிய வெயிலில் பிடித்தால் கணக்கு தப்பும். 80 பவுண்டு டயரில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 3 பவுண்டு கூடும், 35 பவுண்டு டயரில் ஒன்றரைக்குச் சற்று மேல். விடிகாலையில் 80 இருந்த டயர் வெயிலில் நின்றே 86, 87 காட்டும். அது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் இரவு ஓட்டத்தில் குறைவாகிவிடும்.

அடுத்து வால்வு மரையைத் துடைத்து, லாக் நட்டை முதலில் கீழே வரை திருகி, சென்சாரை எழுதிய இடம் பார்த்து விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். ரப்பர் அமுங்கிய பிறகு கால் சுற்று போதும். பின்னர் லாக் நட்டை மேலே கொண்டுவந்து பிடிக்க வையுங்கள். கழுத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி இரண்டு நிமிடம் பாருங்கள்.

பின் சக்கர உள் டயருக்கு நீட்டிப்புக் குழாய் வைத்து அதன் நுனியில் சென்சார் மாட்டுபவர்கள், குழாயை டிஸ்க்கில் கிளாம்ப் போட்டுப் பிடித்தாக வேண்டும். பிடிப்பில்லாத குழாய் சென்சாரின் கனத்தில் ஆடி ஆடி அடியில் வெடிக்கும். ரப்பர் தண்டு உள்ள சக்கரங்களுக்கும் இதே காரணத்துக்காக உலோகத் தண்டு மாற்றிக்கொள்வது நல்லது.

எச்சரிக்கை அளவைப் படத்தோடு ஒப்பிடுங்கள். குளிர்ந்த அளவு 80 என்றால் கீழ் எச்சரிக்கை 70, மேல் எச்சரிக்கை 100, வெப்ப எச்சரிக்கை 70 டிகிரி. கீழ் அளவை இதைவிடத் தாழ்த்தினால் டயர் சூடாகிக் கெட்ட பிறகுதான் சத்தம் வரும்.

மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்

எல்லாச் சக்கரமும் வெறும் கோடாகக் காட்டினால் கோளாறு திரையில் இருக்கலாம், அல்லது சென்சார்கள் இன்னும் விழிக்காமல் இருக்கலாம். முழுதாக சார்ஜ் போட்டு, வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். சில சென்சார்கள் அசைவு வந்தால்தான் விழிக்கும். ஒன்று மட்டும் வரவில்லையா, பேட்டரி தலைகீழாக இருக்கிறதா, தொடு தகடு அமுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். தகட்டை மரக்குச்சியால் ஒரு மயிரளவு மேலே தூக்கினாலே பல நேரம் உயிர் வரும். அதற்கும் வராவிட்டால் கையேட்டின்படி மறுபடி இணைத்துப் பாருங்கள். இணைக்கும்போது மற்ற சென்சார்கள் பக்கத்தில் கிடந்தால் திரை வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும், அவற்றைத் தள்ளி வையுங்கள்.

நின்றால் காட்டுகிறது, ஓடினால் விட்டு விட்டு வருகிறது என்றால் ட்ரெய்லரின் பின் சக்கரங்களாகத்தான் இருக்கும். பெரும்பாலான செட்டுகள் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. நடுவே இருக்கும் இரும்புப் பெட்டி அதை மறைக்கும். ரிப்பீட்டரின் ஒயர் முனை களிம்பேறியிருக்கிறதா பாருங்கள், அதன் ஆன்டெனா இரும்பில் ஒட்டாமல் தொங்கட்டும்.

இரவில் நிறுத்தியபோது 80, காலையில் 74, வேறு சக்கரங்கள் 78 என்றால் அந்த ஒரு சக்கரத்தில் காற்று கசிகிறது. சென்சாரைக் கழற்றி மூடி போட்டு மறுநாள் பாருங்கள். இறங்காமல் நின்றால் ரப்பர் வளையத்தில் உப்புத் துகள், துடைத்து மாட்டினால் போதும். மூடி போட்டும் இறங்கினால் டயரைப் பாருங்கள். முதல் லோடை மதுரை வரை அனுப்பிப் பார்த்து, திரையும் கேஜும் ஒத்துப்போன பிறகு கேரளா ஓட்டத்துக்கு விடுங்கள்.